பெல்ட்டுக்குப் பின்னால் நின்றவள்

என் மச்சினி படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "காலேஜ் எங்க இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. நாற்பதை நெருங்குகிறவள், தக்காளி ஷெட்டில் தரம் பிரிக்கும் பெல்ட்டுக்குத் தலைவி, திடீரென்று வேளாண் வணிக மேலாண்மையில் பட்டம் வாங்கப் போகிறேன் என்கிறாள். அந்தக் காலேஜின் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்காமல் வேறென்ன கேட்பது?

"நான் எங்கயும் போக வேண்டியதில்ல மாமா. எல்லாம் ஆன்லைன்தான். வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாம். நம்ம ஷெட்தான் எனக்கு வகுப்பு."

கடைசியில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அதே ஷெட்டில் நான் எடை மேடைக்காரன். எங்களையெல்லாம் பாடமாக வைத்து ஒருத்தி படிக்கப் போகிறாள் என்றால், பாடத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

என்னைச் சந்தேகப் பேர்வழி என்று என் மனைவி சொல்வாள். ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் ட்ரம்மை நிரப்பி லோடுக்கு அடியில் மறைத்து எடை போட்டுவிட்டு, காலி வண்டியை எடை போட வரும் முன்பே மூலைத் திருப்பத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடை மேடையில் உட்கார்ந்து தலை நரைத்தவனுக்கு வேறு புத்தி எப்படி வரும்?

அவள் என் மனைவியின் தங்கை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஷெட்டுக்கு வந்தவள். நான்தான் சேர்த்துவிட்டேன். நடுவில் கல்யாணம் ஆகிப் போனாள். ஒரு நாள் மத்தியானம் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து எங்கள் மாடி அறையில் இருந்துகொண்டாள். ஏன் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை, ஆளுக்கொரு காரணம் மட்டும் கற்பித்துக்கொண்டார்கள். அவள் எதற்கும் பதில் சொல்லாமல் மறுபடி பெல்ட்டில் நின்றாள். வேகமான கை. காய் ஓடி வருவதற்குள் அதைத் திருப்பிப் பார்த்து, சிவப்பு ஒரு பக்கம், பாதிப் பழம் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவாள். அப்படித்தான் தலைவியானாள்.

படிப்பு தொடங்கியதும் மாடியிலிருந்து பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்து முகம் கழுவியதும் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். எந்தெந்த ஊரிலிருந்தோ பேசுவார்கள். ஒருவர் உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்ப்பவர், ஒருத்தி பால் பண்ணைக்காரி. எல்லாரும் அவரவர் வேலை செய்யும் இடத்தைப் பற்றி மற்றவர்களிடம் சொன்னார்கள். இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்றுதானே நமக்குச் சொல்லி வளர்த்தார்கள்?

யாருக்கும் சொல்லாமல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு முறை போன் செய்தேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். அவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்குச் சந்தேகம் அதிகமானதுதான் மிச்சம். அப்புறம் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கதவருகே நின்று கேட்டேன். "எங்க ஷெட்ல வேலை தேங்கற இடம் எடை மேடைதான்," என்று அவள் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. எடை மேடை என்றால் நான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் மனைவி தட்டைப் பார்த்துவிட்டு, "அவ படிக்கிறா. நீங்க கதவுல காதை வெச்சுட்டு நிக்கறீங்க. இதுல யாரைச் சந்தேகப்படணும்னு நீங்களே சொல்லுங்க," என்றாள்.

ஷெட்டில் விஷயம் வேறு மாதிரிப் பற்றிக்கொண்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் பெல்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பெல்ட் ஒன்று ஷெட்டின் நீளத்துக்கு ஓடும். இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். நல்ல காய் பெட்டிக்குப் போகும். அழுகல், வெடிப்பு, புள்ளி எல்லாம் காலடியில் இருக்கும் கழிவுத் தொட்டிக்குப் போகும். ஒவ்வொரு பெட்டியிலும் அதை நிரப்பியவளின் நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். சந்தையில் ஒரு அழுகல் காய் அகப்பட்டால் அந்த நம்பர் திரும்பி வரும், திட்டும் கூடவே வரும். ஆனால் நல்ல காயைக் கழிவில் போட்டால் யாருக்கும் தெரியாது. தொட்டியில் சீட்டு கிடையாது.

அதனால் பெல்ட்டில் ஒரு பழக்கம் உண்டு. மேற்பார்வைக்கு யாராவது வந்து பின்னால் நின்றால் "கையை இறுக்கு" என்று ஒருத்தி முணுமுணுப்பாள். உடனே எல்லாரும் கண்டிப்பாகிவிடுவார்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் காய் கீழே போய்விடும். வந்தவர் போனதும் கை தளர்ந்து பழைய கணக்குக்கு வந்துவிடும். இது முதலாளிக்குத் தெரியாது, அவருடைய மருமகனுக்கும் தெரியாது. எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மருமகன் என்றேன். முதலாளியின் பெண்ணைக் கட்டி, ஷெட்டை நிர்வாகம் செய்கிறவர். நேரில் "சார்", முதுகுக்குப் பின்னால் "மாப்பிள்ளை". என் மச்சினியின் படிப்புக்கு வேலை இடத்து வழிகாட்டி என்று ஒருவர் வேண்டுமாம், அறிக்கையில் கையெழுத்துப் போட. அது மாப்பிள்ளை. முதலில் அவருக்கும் சந்தேகம்தான். இவள் படித்துவிட்டு என் நாற்காலிக்கு வந்துவிடுவாளோ என்று என்னிடமே சுற்றி வளைத்துக் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன்.

படிப்பின் பெரிய வேலை, வேலை இடத்தில் ஒரு பிரச்சினையை எடுத்து அளந்து தீர்வு சொல்வது. அவள் கழிவை எடுத்துக்கொண்டாள். ஷெட்டுக்கு வரும் காயில் எவ்வளவு கழிவாகிறது, ஏன் ஆகிறது என்று. அதற்காகக் கையில் அட்டையும் பேனாவுமாகப் பெல்ட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். அதுவரை பெல்ட்டில் கூடவே நின்று காய் பிரித்தவள், இப்போது ஓர் அடி பின்னால் நின்று எழுதினாள்.

அந்த ஓர் அடிதான் வினை. பெல்ட்டில் எல்லாருக்கும் மூத்தவள் ஒருத்தி, பெரியக்கா என்போம். என் மச்சினிக்குக் காயைத் திருப்பிப் பார்க்கும் வித்தையைக் காட்டிக் கொடுத்தவளும் அவள்தான். வாய் கத்தி. அவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "என்ன யுனிவர்சிட்டி, யாருக்கு எழுதற?"

"படிப்புக்குக்கா."

"படிப்புக்கா. எங்க கையைப் பார்த்து எழுதற படிப்பா?"

அன்றிலிருந்து என் மச்சினிக்கு யுனிவர்சிட்டி என்று பெயரானது. அவள் பின்னால் வந்து நின்றாலே பேச்சு நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. மாப்பிள்ளை வைத்த ஒற்று என்றார்கள். போட்டிக் கம்பெனிக்குத் தகவல் கொடுக்கிறாள் என்றும் ஒரு பேச்சு. என்னைக்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "உங்க மச்சினி வீட்டுல என்ன எழுதறா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? கதவு வரைக்கும்தான் எனக்கு அனுமதி.

பெல்ட்டில் கை இறுகியது. சாதாரணமாக ஒரு மணி நேரம் இறுகும், தளரும். இவள் தினமும் நின்றாள், அவர்களும் தினமும் இறுக்கினார்கள். கழிவுத் தொட்டி என் மேடைக்குத்தான் வர வேண்டும். முள் ஏறிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் மாப்பிள்ளையின் ஆளாக இருந்தால் நான் சொன்னதும் அதே அட்டையில் ஏறும் இல்லையா? இன்றைக்குக் கேட்டாலும் அந்த யோசனையில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

அவள் அறிக்கை எழுதி முடித்தாள். வருகிற காயில் கால் பங்கு கழிவு, கழிவில் முக்கால்வாசி நல்ல காய், பிரிக்கிறவர்களின் கைதான் காரணம் என்று வந்தது. மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பை எடை மேடையிலிருந்து அவர் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த மனிதர் சிரித்தால் யாருக்கோ ஆகாது.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. கேமரா வைத்துக் காய் பிரிக்கும் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. மெஷின் வந்தால் இரண்டு பேர் போதும், மீதிப் பெண்கள் வீட்டுக்குப் போகலாம். மாமனார் சம்மதிக்கவில்லை. மருமகன் சொல்வதை அவர் அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் சரி பார்த்து ஒப்புக்கொண்ட அறிக்கை என்றால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அந்த அறிக்கை இப்போது மாப்பிள்ளையின் மேஜையில் இருந்தது. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

என் மச்சினிக்கும் ஒன்று காத்திருந்தது. மெஷின் வந்ததும் அவள்தான் ஷெட்டின் மேலாளர் என்று மாப்பிள்ளை சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சந்தோஷம் இருந்தது. அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். ஒரே பெட்டியோடு வந்தவளைப் பற்றி ஊர் பேசியதற்கெல்லாம் அது பதிலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன்.

"பெல்ட்டுல நிக்கறவங்க?" என்று கேட்டேன்.

சந்தோஷம் அணைந்தது. "எண் அப்படித்தானே வருது மாமா. நானா எழுதினேன்? அளந்ததைத்தான் எழுதினேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். கழிவில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ஷெட்டில் வழக்கம். அழுகல் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைப்போம். என் மச்சினி லேப்டாப்போடு அங்கேயே உட்கார்ந்து, மறுநாள் திரை வழியாக நடக்கப்போகும் நேர்காணலுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். பேராசிரியை இருப்பார், மாப்பிள்ளை இருப்பார், கூட வேலை செய்கிற ஒருவரும் பேச வேண்டும். அது பெரியக்கா. முதல் மாதமே என் மச்சினி அவள் பெயரைக் கொடுத்திருந்தாள். யுனிவர்சிட்டி என்று பட்டப்பெயர் வைத்த பிறகும் பெரியக்கா விலகிக்கொள்ளவில்லை. "நம்மளப் பத்தி என்ன பேசறாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்று காரணம் சொன்னாள். எனக்கு அந்தக் காரணம் மிகவும் சரியாகப் பட்டது.

"இப்பல்லாம் கழிவுல வெட்டி எறியறதுக்கே ஒண்ணும் இல்லடி. கடையில வாங்கினா மாதிரி இருக்கு. உங்க ஷெட்ல எல்லாருக்கும் என்ன ஆச்சு, கண்ணு தெரியலையா?" என்றாள் என் மனைவி.

என் மச்சினி நிமிர்ந்தாள். எழுந்து வந்து ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். கூடையைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கறுப்புப் புள்ளிகூட இல்லாத காய்கள் உருண்டு அடுப்பு மேடையின் அடியில் போயின.

"எப்பலேர்ந்துக்கா?"

"நீ அட்டையைத் தூக்கிட்டு நிக்க ஆரம்பிச்சதுலேர்ந்துன்னு நினைக்கிறேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "கையை இறுக்கிட்டாங்க. இல்ல மாமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நானே எத்தனை தடவை இறுக்கியிருக்கேன். ஆளுங்க வந்து நின்னா நான்தான் முதல்ல சொல்லுவேன். ஒரு அட்டை கைக்கு வந்ததும் எனக்கு எப்படி மறந்து போச்சு?" கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். "நான் கழிவை அளக்கல மாமா. அவங்க என்னைப் பார்த்து எவ்வளவு பயந்தாங்கன்னு அளந்திருக்கேன். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ யாரோட ஆள்னு எனக்குத் தெரியல."

அவளுக்கு அது வலித்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போனோமே என்று எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. என் மனைவி காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

அன்று மத்தியானமே அவள் பெரியக்கா வீட்டுக்குப் போனாள். நானும் போனேன், தனியாக அனுப்ப மனமில்லை. பெரியக்கா வாசற்படியில் நின்றே பேசினாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. என் மச்சினி எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், அறிக்கை, மேலாளர் வேலை, ஒன்றையும் மறைக்கவில்லை. கை இறுக்கியதை நாளைக்கு நீங்கள் சொன்னால்தான் அறிக்கை செல்லாமல் போகும் என்றாள்.

பெரியக்கா கேட்டுவிட்டு, "நல்லா இருக்கே. வேணும்னே நல்ல காயைத் தள்ளினோம்னு நான் என் வாயால சொல்லணும். அதை அவரு கேக்கணும். மெஷின் வருதோ இல்லையோ, முதல்ல என்னை வெளிய அனுப்பலாம். இதுக்குத்தான் வந்தியா, இல்ல அவரு அனுப்பினாரா?" என்றாள்.

"யாரும் அனுப்பலக்கா."

"அனுப்பினவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க," என்று கதவைச் சாத்தினாள். பெரியக்காவின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் அறையில் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார்கள். சத்தம் கேட்கக் கூடாது என்று எடை மேடையை நிறுத்தச் சொன்னார்கள். நான் கதவுக்குள் ஓர் ஓரமாக நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. திரையில் பேராசிரியை, கண்ணாடி போட்ட, சிரிக்காத அம்மாள். மாப்பிள்ளை முதலில் பேசினார். இப்படிப்பட்ட ஊழியர் கிடைப்பது கஷ்டம், எண்கள் எல்லாவற்றையும் நானே சரி பார்த்தேன் என்று தேன் ஒழுகப் பேசினார். பெரியக்கா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

என் மச்சினியின் முறை வந்தது. "மேடம், நான் அனுப்பின அறிக்கை தப்பு. அதை ஏத்துக்காதீங்க," என்றாள்.

மாப்பிள்ளையின் நாற்காலி கிறீச்சிட்டது. "பதற்றத்துல பேசறா மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

பேராசிரியை அவரைப் பார்க்கவில்லை. "எப்படித் தப்பு?"

அவள் சொன்னாள். சீட்டு, தொட்டி, கை இறுக்குவது, தான் பின்னால் போய் நின்றது எல்லாம். பேராசிரியை கேட்டுவிட்டு, "இது நீங்க சொல்றது. வேலை போயிடக் கூடாதுன்னு கூட இருக்கறவங்களுக்காகவும் சொல்லலாம். இதை வேற யாராவது உறுதி செய்வாங்களா?" என்றார். அந்த அம்மாளும் எங்கள் ஜாதிதான், எதையும் உடனே நம்புகிறவர் இல்லை.

எல்லாரும் பெரியக்காவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மிகவும் மெதுவாக, "பார்த்துப் பேசுங்க," என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ எனக்குத் தெரியாது. பெரியக்கா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். திரையைப் பார்த்துப் பேசினாள். "ஆமாம்மா. இறுக்கினோம். நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். இவ அட்டையோட வந்து நின்னா, எங்க வேலைக்கு உலை வைக்கத்தான் நிக்கறான்னு நினைச்சேன். உலை வைக்கத்தான் இருந்திருக்கு, அது இவளுக்கே தெரியல. நாங்க கழிவுல போட்டதுல முக்கால்வாசி நல்ல காய்தான். இவ போனப்புறம் அளந்து பாருங்க."

"இப்போ இவங்களை நம்பறீங்களா?" என்று பேராசிரியை கேட்டார்.

பெரியக்கா என் மச்சினியை மேலும் கீழும் பார்த்தாள். அவசரப்படவில்லை. "இல்ல. இன்னும் நம்பல. ஆனா இப்ப இவ சொன்னது நெசம்."

பேராசிரியை ஏதோ எழுதிக்கொண்டார். அறிக்கையை ஏற்க முடியாது என்றார். இந்தப் பருவத்துக்கு மதிப்பெண் கிடையாது, அடுத்த பருவத்தில் முதலிலிருந்து செய்ய வேண்டும், அளக்கப்படுகிறவர்களிடம் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு அளக்க வேண்டும். இந்த எண்களை வைத்து நிர்வாகம் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று முதலாளிக்கே எழுதுவதாகவும் சொன்னார். மாப்பிள்ளை எழுந்தார். "அந்த மேலாளர் வேலையை மறந்துடு," என்று என் மச்சினியிடம் சொல்லிவிட்டு, என்னை இடித்துக்கொண்டு வெளியே போனார்.

நாற்காலியும் போயிற்று, ஒரு பருவமும் போயிற்று. என் மச்சினியின் உதடு துடிக்க ஆரம்பித்தது, கண் நிரம்பிவிட்டது. திரையில் பேராசிரியை இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். பெரியக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரைக்குத் தெரியாமல் மேஜைக்கு அடியில் அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

"இப்ப அழாதடி," என்றாள் வாயசையாமல். "நீ அழுது நான் தேத்தினா, நாம முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு வந்தோம்னு அந்தம்மா சந்தேகப்படும்."